செங்கல்லும் சிரட்டைக்கரியும்

தம்புள்ளை என்றவுடன் குகைக் கோயிலும் மரக்கறிச் சந்தையுமே பலர்க்கும் நினைவில் எழும். இவ்வுலர்வலயத்து ஆசிரியராகிய எமக்கோ, சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் மாணவர் சிலரின் முகமே முதலில் தோன்றும். அவர்தம் பற்களிற் படிந்த பழுப்புக் கறை துலக்காமையால் வந்ததன்று. இளமையிற் குடித்த கிணற்று நீரிற் கரைந்திருந்த புளோரைட்டால் வந்தது. அந்நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். காய்ச்சினாலும் புளோரைட்டு நீங்காது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு மிகும். உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். உலர்வலயக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு கடந்துவிடுகின்றது.

இதற்கு நம் நாட்டிலேயே எளியதொரு வழி கண்டனர். ஜே. பி. பத்மசிறி, சி. பி. திசாநாயக்க என்னும் அறிஞர் இருவர் 1995ஆம் ஆண்டில் அதனைக் கட்டுரையாக வெளியிட்டனர். நிமிர்ந்த கலமொன்றிலே புதிதாய்ச் சுட்ட செங்கல்லை உடைத்து நிரப்பி, கீழிருந்து மேலாக நீரை மெல்லச் செலுத்துதலே அம்முறை. சுட்ட களிமண்ணிலுள்ள அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் புளோரைட்டைத் தம் மேற்பரப்பிற் பற்றிக்கொள்கின்றன. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். பஞ்சு நீரை உள்ளிழுப்பது போல்வதன்று இது. வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுவது போல்வது என்க.

புளோரைட்டு உலோகமன்று. எனினும், இவ்வழி தொழிற்சாலைக் கழிவு நீரிலுள்ள ஈயம், கட்மியம், குரோமியம் முதலிய பார உலோகங்களுக்கும் பொருந்தும். அவற்றைப் பற்ற உமி, தும்புச்சோறு, மரத்தூள், சிரட்டைக்கரி ஆகிய எளிய பொருள்களே உதவும். அமிலம் மிகுந்த நீரில் மட்டும் ஐதரசன் அயன்கள் முந்திச் சென்று இடம்பிடித்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான உலோகங்களுக்கு முதலில் சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணித்தல் வேண்டும். வங்காளதேசத்தில் ஆசனிக்குக் கலந்த கிணற்று நீருக்கென இரும்பு, மணல், கரி, செங்கற்றுண்டு ஆகியன கொண்டு வடிகலம் அமைத்த அபுல் ஹுசாம், 2007இல் அமெரிக்காவில் பத்து இலட்சம் டொலர் பரிசு பெற்றார்.

நிற்க. இக்கலங்கள் நஞ்சை அழிப்பனவல்ல, இடம் மாற்றுவனவே. ஒட்டுதற்கு இடமுள்ளவரையே செங்கல் பற்றும். இடம் நிரம்பியபின் நஞ்சு தடையின்றி வெளிச்செல்லும். நீரின் நிறமோ சுவையோ அதனைக் காட்டிக்கொடாது. வீட்டுக் கலத்திற் செங்கல்லைச் சில வாரங்களுக்கொருமுறை மாற்றுதல் வேண்டும். மாற்றாத கலம், கலமே இல்லாமையினும் தீது, என்னை? அது பொய்யான நம்பிக்கையை ஊட்டுதலால். உலோகம் ஏறிய உமியையும் கரியையும் வயலிலோ கிணற்றருகிலோ கொட்டுதல், நீக்கிய நஞ்சை மீண்டும் நிலத்திற்கே ஊட்டுதலாகும். அமிலத்தாற் கழுவி உலோகத்தை மீட்கலாம். இயலாதெனின், நீர் புகாவண்ணம் அடைத்துக் காத்தல் வேண்டும்.

ஆதலின் கலத்தை அமைத்தல் எளிது. அதனைப் பேணுதலே அரிது. பழைய மாணவர்காள்! பள்ளிகளுக்கு வடிகலம் வழங்கும் பெருந்தகையீர், அதனோடு ஆண்டுதோறும் செங்கல் மாற்றும் செலவையும், நீரைச் சோதிப்பிக்கும் பொறுப்பையும் ஏற்பீராக. திறப்பு விழாவின் பெயர்ப்பலகை மங்கிய பின்னரும் அக்கலம் தன் தொழிலைச் செய்யுமாயின், நம் பிள்ளைகள் வாயை மறையாது சிரிப்பர்.