விஸ்மா எஃப்.ஏ.எம்.மில் என்ன நடக்கிறது?

காப்பாரில் மழை விட்ட சாயங்காலம். மகனைக் காற்பந்துப் பயிற்சிக்கு விட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, விஸ்மா எஃப்.ஏ.எம்.னா ஸ்டேடியமா?"

இல்லை தம்பி, ஆபீஸ். கிள்ளான் போய்க் கூட்டரசு நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெட்டாலிங் ஜெயா. அங்கே கிளானா ஜெயாவில் இருக்கிறது மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் தலைமையகம். தேசிய அணியின் பெரிய ஆட்டங்கள் புக்கிட் ஜாலில் அரங்கில் நடக்கும். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகமும் அந்தப் பக்கம்தான். அதனால் பலர் ஆபீசையும் அரங்கையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பந்து உருளாத ஆபீசில் என்ன வேலை? காகிதம்தான். நடுவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் உரிமம், ஆட்டக்காரர் பதிவு, தேசிய அணியின் பெயர்ப் பட்டியல். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் இங்கே ஒரு கிளப்பில் சேர்ந்தால், அவருடைய பழைய நாட்டுச் சங்கம் மாற்றுச் சான்றிதழ் அனுப்பவேண்டும். அது வராமல் அவர் ஆட முடியாது.

தேசிய அணிக்கு இன்னும் கண்டிப்பு. முதலில் குடியுரிமை வேண்டும். குடியுரிமையைப் பின்னால் வாங்கியவர் என்றால், அவரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்த மண்ணில் பிறந்திருக்கவேண்டும். இல்லையேல் பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்கவேண்டும். 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்று நாம் ஆடிப் பாடினோமே, அந்த மகிழ்ச்சி கலைந்தது இந்த இடத்தில்தான். நம் அணியின் ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி பிறந்த ஊரைக் காட்டிய ஆவணங்கள் போலி என்று செப்டம்பரில் ஃபிஃபா முடிவு செய்து, சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது.

எனக்கு அது வயிற்றில் அடித்ததுபோல் இருந்தது. தேசிய அணிக்குக் கோல் காத்த ஆறுமுகத்தையும் அணித்தலைவர் சந்திரனையும் தந்த சமூகம் நாம். இதே நாட்டில் பிறந்தும், பத்திரம் சரியில்லாமல், குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு ஐ.சி.யோடு காலம் தள்ளிய தோட்டத்துக் கிழவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இல்லாமல் போனதும் பிறந்த ஊரைச் சொல்லும் அதே ஒரு வரிதான்.

தம்பி கைப்பேசியைத் திறந்து மகனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டினார். பிறந்த இடம் கிள்ளான், தெளிவாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அவருடைய ஐ.சி.யை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதில் அந்த எழுத்து இருந்தது.

"பையனுக்கு இப்ப ஒன்பது. 12 வயசுல மைகார்டு எடுக்கணும், அதுக்குள்ள திருத்திடுங்க" என்றேன்.