மார்புப் புற்றுநோயும் மருந்தெதிர்ப்பும்

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயாகும். கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவை நாடி, கண்டி நகரத்தவரேயன்றி மாத்தளை, நுவரெலியாப் பகுதித் தோட்டப்புறப் பெண்களும் வருகின்றனர். தொடக்கத்தில் நன்கு பயன்பட்ட மருந்து சிலரிடத்தே பின்னர் பயனற்றுப் போவதுண்டு. 'உடம்பு மருந்தை ஏற்கவில்லை' எனக் கூறி அமைதல் நம்மவர் வழக்கம். ஆயின், மருந்தை எதிர்ப்பன பெரும்பாலும் புற்றுக்கலங்களே, நோயாளியின் உடம்பன்று. இவ்வேறுபாட்டை விளக்குவதே எமது நோக்கம்.

ஒருவரது உடற்கலங்களுள் ஏறத்தாழ யாவும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியை உடையன. எனினும், ஒவ்வொரு கலமும் அவற்றுட் சிலவற்றையே பயன்படுத்துகின்றது. நூலகத்து நூல்கள் அனைத்தும் ஒரே நாளில் வாசிக்கப்படுவதில்லை அன்றோ? பரம்பரையலகிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ. வடிவிற் படியெடுக்கப்பட்டுப் புரதமாக உருப்பெறுதலையே 'வெளிப்பாடு' என்கிறோம். எது, எவ்வளவு வெளிப்படுகின்றது என்பதே கலத்தின் இயல்பை நிருணயிக்கின்றது.

1976ஆம் ஆண்டில் கனடாவின் யூலியானோ, லிங் என்னும் ஆய்வாளர் இருவர் கொல்சிசினை எதிர்த்து நின்ற கலங்களின் மென்சவ்வில் ஒரு புரதத்தைக் கண்டனர். கொல்சிசின் நமது கார்த்திகைப்பூச் செடியிலும் உள்ள நஞ்சு. கலத்தினுட் புகும் மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்பி போன்றது அப்புரதம். அது மிகுதியாக வெளிப்படின், பட்டிப்பூவிலிருந்து பெறப்படும் வின்பிளாஸ்தீன் முதலாய பிற மருந்துகளும் வெளியேற்றப்படும். ஒரு மருந்துக்குப் பழகிய கலம் தான் காணாத மருந்துகளையும் எதிர்ப்பது இவ்வாறே. இப்பம்பியைத் தடுக்கும் மருந்துகள் ஆய்வுகூடத்திற் பயன்பட்ட அளவுக்கு நோயாளரிடத்தே பயன்படவில்லை. எதிர்ப்புக்கு வழிகள் பல இருத்தல் இதற்கொரு காரணம் எனலாம்.

மார்புப் புற்றுநோய்களுட் பெரும்பாலானவை ஈத்திரசன் ஓமோனின் வாங்கியை உடையன. தமொக்சிபென் அவ்வாங்கியைப் பற்றிக்கொண்டு ஓமோனைத் தடுக்கின்றது. வாங்கியின் பரம்பரையலகு அடங்கிவிடின் மருந்துக்குப் பற்றுமிடம் இல்லை. அது விகாரமடையின் ஓமோன் இன்றியே வாங்கி தொழிற்படலாம். இதற்கு மாறாக, 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஹேர்-2 பரம்பரையலகு சில புற்றுக்கலங்களிற் பன்மடங்காகப் பெருகுகின்றது. அப்புரதத்தை இலக்காகக் கொண்ட திராஸ்துசுமாப் 1998இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மிகை வெளிப்பாடே ஈண்டு மருந்துக்கு வழியாயிற்று.

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? வெளிப்பாடு காலந்தோறும் மாறக்கூடியது. முதலில் அகற்றிய கட்டியில் இருந்த வாங்கி, ஆண்டுகள் கழித்து ஈரலிலோ என்பிலோ தோன்றும் புற்றில் இல்லாதிருக்கலாம். முன்பு இல்லாதது தோன்றியுமிருக்கலாம். எனவே, நோய் மீளுமிடத்து, இயலுமாயின் இழையத்துண்டொன்றை மீண்டும் எடுத்து ஆராய்தல் வேண்டும். பழைய அறிக்கை பழைய கட்டியைப் பற்றியதே. மலையகத்துத் தாயொருத்தி தொலைவும் செலவும் கருதி இப்பரிசோதனையைத் தவிர்க்க எண்ணலாம். அதன் காரணத்தை அவளுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தல் மருத்துவம் கற்போரின் கடனாகும். ஒரு மருந்து பயனற்றுப்போதல் சிகிச்சையின் முடிவன்று. புற்றின் இயல்பை மீண்டும் அறிதற்குரிய வேளையே அது.