நோவு தெரியாதா பிள்ளைக்கு?

பேரன் பிறந்த மூன்றாம் நாள், டிஸ்சார்ஜ் சீட்டுக்காக அறையில் காத்திருந்தோம். மருமகனின் வாப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: “போறதோட போறதா சுன்னத்தையும் முடிச்சிருவோம் காக்கா. நாப்பது நாளுக்குள்ளே செஞ்சா பிள்ளைக்கு நோவே தெரியாது.”

இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டிலில் கிடந்த என் மகள் மட்டும் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் வெளியே போய் நர்ஸம்மாவிடம் கேட்டேன், மரத்துப்போக ஊசி போடுவார்களா என்று. “மூணு நாள் பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு சார்? பஞ்சிலே சீனித்தண்ணி நனைச்சு வாயிலே வெப்போம். சப்பிக்கிட்டே இருக்கும். ரெண்டு நிமிஷ வேலை.”

பிறந்த ஆண் குழந்தைக்குச் சுன்னத்து செய்யலாமா, கூடாதா என்று எழுதித் தரச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது அந்தச் சீனித்தண்ணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. செய்வது மார்க்கக் கடமை என்று நம்புகிற வீட்டில் பிறந்தவன் நான். குமரிக் கடற்கரையில் எங்களைப் போன்ற ஷாஃபி மத்ஹபுக்காரர்களுக்கு அது கட்டாயம். ஏழாம் நாளே செய்வது நல்லது என்றும், பிள்ளை பலவீனமாக இருந்தால் தள்ளிப்போடலாம் என்றும் நூல்கள் சொல்கின்றன. அதில் எனக்கு வழக்கில்லை. “நோவே தெரியாது” என்ற அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு.

சுன்னத்து என்கிற என் மார்க்கக் கல்யாணம் 1974இல், ஏழு வயதில் நடந்தது. புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, கழுத்தில் ரோஜாமாலை. பைத்துச் சொல்லிக்கொண்டு தெருவைச் சுற்றி அழைத்து வந்தார்கள். கையில் விழுந்த ரூபாய் நோட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தவனை நடு அறையில் கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் உட்கார வைத்தார்கள். உரலுக்கு மேல் வெள்ளைத்துணி. மாமா பின்னால் இருந்து என் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழாகக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார். சுன்னத்து செய்யும் ஒசா தன் தோல்பையைத் திறந்தார். “மேலே பாரு மக்கா, ஓட்டிலே அணில் ஓடுது.”

பார்த்தேன். அணில் இல்லை. அந்த நொடியில் உள்ளறையிலிருந்து பெண்கள் குரவையிட்டார்கள். என் சத்தம் எனக்கே கேட்காத அளவுக்குக் குரவை. அது மகிழ்ச்சிக்காக மட்டும் போடுகிற குரவை அல்ல என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

பிறகு பத்து நாள் படுக்கை. வேட்டி மேலே படாமலிருக்க, நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். சின்னக் கூடாரம் மாதிரி இருக்கும். ராத்திரி தூக்கத்தில் புரண்டால் கயிறு இழுபடும், விழித்துக்கொள்வேன். உம்மா விசிறியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவிச்ச முட்டை, கோழிச்சாறு, பார்க்க வருகிறவர்கள் தருகிற காசு என்று எல்லாம் இருந்தது. இன்றும் அணில் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை ஒருமுறை இறுகும்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: “அதுக்குத்தான் பிறந்த உடனே செஞ்சுடணும்கிறது. வளந்த பிறகு செஞ்சா மனசிலே தங்கிடும். பச்சைப் பிள்ளைக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.” ஞாபகம் இருக்காது என்பது சரி. அதிலிருந்து நோவாது என்பதற்கு எப்படித் தாவினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஏழு வயதில் எனக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. மூன்று நாள் பிள்ளைக்கு இருப்பது அழுகை ஒன்றுதான். அதையும் பசி என்கிறோம், குளிர் என்கிறோம், ‘பிள்ளைன்னா அழத்தானே செய்யும்’ என்கிறோம்.

இப்படி நினைத்தது நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமல்ல. 1980களின் தொடக்கம் வரை மேலைநாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலேயே இதுதான் நடந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இதயத்தருகே அறுவை செய்யும்போது, உடல் அசையாமலிருக்க ஒரு மருந்தும் பெயருக்குக் கொஞ்சம் வாயுவும் கொடுத்துவிட்டு, வலிமருந்து இல்லாமலே கத்தி வைத்தார்கள். நரம்புகள் முற்றவில்லை, மூளை வளரவில்லை, ஆகவே வலி தெரியாது என்பது பாடம். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளம் டாக்டர், அறுவை அரங்கிலிருந்து திரும்பி வருகிற குழந்தைகளின் கோலத்தைப் பார்த்து அந்தப் பாடத்தைச் சந்தேகித்தார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலிமருந்தையும் சேர்த்துக் கொடுத்து, இரு தரப்பின் ரத்தத்தையும் சோதித்தார். மருந்து பெறாத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சிக்கான ஹார்மோன்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987இல் இது வெளியானபின் குழந்தை மருத்துவம் மெல்லத் தன் பாடப்புத்தகத்தைத் திருத்திக்கொண்டது.

பத்து ஆண்டு கழித்து, 1997இல், டொராண்டோவில் 87 ஆண் குழந்தைகளை வைத்து இன்னொன்று பார்த்தார்கள். நான்கு அல்லது ஆறு மாதத்தில் தடுப்பூசி போட வந்தவர்கள் அவர்கள். சுன்னத்து செய்யாத பிள்ளைகள், மரத்துப்போகும் களிம்பு தடவிச் செய்த பிள்ளைகள், களிம்பு இல்லாமல் செய்த பிள்ளைகள் என மூன்று பிரிவு. ஊசி குத்தும்போது முகம் எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு நேரம் அழுகிறார்கள் என்று அளந்தார்கள். செய்யாதவர்கள் குறைவாகத் துடித்தார்கள். களிம்பு இல்லாமல் செய்யப்பட்டவர்கள் எல்லோரையும் விட அதிகம் துடித்தார்கள். களிம்புக்காரர்கள் நடுவில். ஆக, பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது என்பதையும்கூட அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. அவன் மறந்தாலும் அவன் உடம்பு மாதக்கணக்கில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம், நம் ஊரில் இன்று சுன்னத்து ஒசாவின் கையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டது. ரொம்ப நல்லது. ஆனால் மாறிய இடத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை பச்சைப் பிள்ளைக்கு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கோடை விடுமுறையில் நடக்கும் ஓர் இலவச முகாமுக்குப் போயிருந்தேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசி போட்டுவிட்டு டாக்டர் இடுக்கியால் மெல்லக் கிள்ளி, “தெரியுதா தம்பி?” என்று கேட்டார். “தெரியுது” என்றான். டாக்டர் கையை எடுத்துவிட்டு அவனிடம் பள்ளிக்கூடக் கதை பேசிக்கொண்டிருந்தார். மறுபடி கிள்ளினார். “இப்போ?” பையன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அதன்பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். மூன்று நாள் பிள்ளையிடம் இந்தக் கேள்வியை யார் கேட்பது? பதில் சொல்ல முடியாதவன் என்பதாலேயே அவனுக்கு ஊசியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

சீனித்தண்ணி வீண் என்று சொல்லவில்லை. ஊசி போடும் நேரத்தில் பிள்ளையைச் சற்று அமைதிப்படுத்த அது உதவும். ஊசிக்குப் பதிலாக அது நிற்க முடியாது. களிம்பும் தனியே போதாது என்கிறார்கள் குழந்தை அறுவை நிபுணர்கள். பச்சைக் குழந்தைக்குக் களிம்பை அளவு மீறித் தடவினால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும் ஆபத்தும் உண்டு. அடிப்பகுதியில் நரம்பைப் பார்த்துப் போடும் லிக்னோகெயின் ஊசிதான் முறை. அந்த ஊசி வேலை செய்யச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடம்தான் நம் அவசர ஆஸ்பத்திரிகளில் கிடைக்காத பொருள்.

இன்னொரு கவலையும் இதோடு ஒட்டியே வருகிறது. பிறந்த மூன்றாம் நாள் பிள்ளையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? எடை தெரியும், நிறம் தெரியும், யார் ஜாடை என்பது தெரியும். ரத்தம் உறையுமா என்று தெரியாது. ஹீமோஃபிலியா என்ற ரத்தம் உறையாத நோய் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. சுன்னத்துப் புண் நிற்காமல் கசிவதை வைத்தே முதன்முதலாக அது கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். யூதர்களின் தல்மூதில் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. எட்டாம் நாள் கத்தி வைத்ததால் ஒரு தாயின் இரண்டு ஆண்மக்கள் இறந்துபோனால், மூன்றாமவனுக்குச் செய்ய வேண்டாம் என்கிறது. நோயின் பெயர் தெரியாத காலத்திலேயே அது தாய்வழி வருவதைக் கவனித்துவிட்டார்கள். நாமோ பிள்ளையின் தாய்மாமனுக்குப் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை. பிறந்ததும் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று சீட்டைப் புரட்டிப் பார்ப்பதும் இல்லை.

சில பிள்ளைகள் முன்தோல் பாதி இல்லாமலே பிறக்கும். சுன்னத்து செய்தே வந்த பிள்ளை, பாக்கியசாலி என்று வீட்டில் மகிழ்வார்கள். அந்தப் பிள்ளைக்கு மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கிறதா என்று உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஹைப்போஸ்பேடியஸ் என்ற அந்தக் குறையைச் சரிசெய்யும் அறுவைக்கு இருக்கிற தோல் தேவைப்படும். அவசரப்பட்டு மீதியையும் வெட்டிவிட்டால் பின்னால் ஒட்டுப்போடத் துணி இல்லாத கதையாகிவிடும்.

மார்க்கக் கடமை இல்லாதவர்கள் செய்யலாமா என்று கேட்டால், என் பதில் சுருக்கமானது: மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் தேவையில்லை. அமெரிக்காவில் பிள்ளை பெறுகிற நம் ஊர்ப் பெண்களிடம் பிரசவ அறையிலேயே இதைக் கேட்கிறார்கள். அங்கே மதம் பாராமல் செய்துகொள்வது நெடுநாள் வழக்கம். 2010 கணக்குப்படி ஆஸ்பத்திரியில் பிறந்த ஆண் குழந்தைகளில் சுமார் 58 சதவீதம் பேருக்குச் செய்திருக்கிறார்கள். என் கூட்டாளியின் மகள் நியூஜெர்சியிலிருந்து நள்ளிரவில் அப்பாவுக்குப் பதில் எனக்குப் போன் போட்டாள். “அங்கிள், உங்க ஆளுங்கதானே இதெல்லாம் செய்வீங்க, இங்கே எங்ககிட்ட வந்து கையெழுத்து கேக்குறாங்க, என்ன சொல்ல?” அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2012இல் நன்மை ஆபத்தை விட அதிகம் என்றது, அதே மூச்சில் எல்லாப் பிள்ளைக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு அதிகமில்லை என்றும் சொல்லிவிட்டு முடிவைப் பெற்றோரிடம் விட்டது. முதல் வருடத்தில் மூத்திரத் தொற்று குறையும் என்பது உண்மை. ஒரு பிள்ளைக்குத் தொற்றைத் தவிர்க்க நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. ஆப்பிரிக்காவில் எச்ஐவி தொற்றைக் குறைக்கிறது என்று 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, தாமே முன்வந்த பெரிய ஆண்களிடம் நடந்த ஆய்வுகளை வைத்து. அதைக் காட்டி நியூஜெர்சித் தொட்டிலில் கிடப்பவனை அவசரப்படுத்த வேண்டியதில்லை. அவளிடம் “வேண்டாம்மா” என்றேன்.

பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2012இல் ஒரு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் பெற்றோருக்கு அனுமதி தந்து சட்டம் இயற்றியது. அதில் மருத்துவ முறைப்படி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. எனக்கு அந்த நிபந்தனைதான் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் சுன்னத்து நடக்கவில்லை. மருமகனின் வாப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு வாரம் பேச்சுவார்த்தை, கொஞ்சம் பேச்சுமுறிவு. இருபத்தோராம் நாள் ஒரு குழந்தை அறுவை நிபுணரிடம் போனோம். அவர் முதலில் பிள்ளையை விளக்கடியில் வைத்து நன்றாகப் பார்த்தார். வைட்டமின் கே போட்ட தேதியைச் சீட்டில் தேடினார். என் மகளிடம் அவளுடைய அண்ணன் தம்பிகளைப் பற்றிக் கேட்டார், யாருக்காவது காயம் பட்டால் ரத்தம் நிற்காத வழக்கம் உண்டா என்று. அதுவரை நான் மட்டும் கவலைக்காரன் என்று நினைத்திருந்த சம்பந்தக்காரர், அந்தக் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உள்ளே என்னை நிற்க அனுமதித்தார்கள். ஊசி குத்தும்போது அழுதான், வீறிட்டு. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வேறு நோயாளிகள் காத்திருக்கிற சத்தம் கேட்டது. நர்ஸ் பஞ்சில் சீனித்தண்ணி நனைத்து வாயில் வைத்தாள். ஐந்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை. பிள்ளையின் கை என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. டாக்டர் இடுக்கியால் தோலைக் கிள்ளி, பிள்ளையின் புருவத்தைப் பார்த்தார். புருவம் அசையவில்லை. பிளாஸ்டிக் வளையம் மாட்டி, நூல் கட்டி, வெட்டி முடிக்கும்வரை என் விரலில் அந்தப் பிடி இறுகவே இல்லை.

வெளியே மகள் எழுந்து நின்றாள்.

“அழுதானா வாப்பா?”

“அழுதான். ஊசி குத்தினப்போ.”

“அப்புறம்?”

“அப்புறம் இல்லை.”

பிள்ளையை வாங்கிக்கொண்டு மறைவான பக்கமாய்த் திரும்பிப் பால்கொடுக்க உட்கார்ந்தாள். மருந்தின் வேகம் போனதும் நோவும் என்று டாக்டர் எழுதித் தந்த சொட்டுமருந்தை வாங்க, சம்பந்தக்காரர் ஏற்கெனவே படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.