டுவிட்டரை விட்டு ஓடிய வக்கீல்கள் திரும்பி வந்தது ஏன்?

செம்மங்குப்பம் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன் ஒருவர் வாட்ஸ்-அப்பை விட்டு "அரட்டை"க்கு மாறுகிறார் என்று வையுங்கள். சூப்பர்வைசர் பழைய குரூப்பிலேயே இருந்தால்? நாளைக்கு யாருக்கு ஷிப்டு என்பதே இவருக்கு தெரியாது. கூலி போச்சு!

கும்பலாக மாறினாலும் இதே கதிதான்.

2019 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியது. அவர் செய்த "குற்றம்"? ஹிட்லர் காலத்தில் கூட்டமே கை நீட்டி சல்யூட் அடிக்க, கையை கட்டிக்கொண்டு நின்ற ஒரே ஒரு ஆளின் படத்தை போட்டிருந்தார். நாஜியை எதிர்த்த படமே வினையாகி விட்டது!

கொதித்துப்போன வக்கீல்கள், நிருபர்கள், எழுத்தாளர்கள் நவம்பரில் "மாஸ்டடான்" பக்கம் மூட்டை கட்டினார்கள். அங்கே விளம்பரம் கிடையாது. ஒரே முதலாளியும் கிடையாது. ஆனால் மந்திரி பேச்சு, கோர்ட்டு செய்தி, வாய்ச்சண்டை எல்லாம் டுவிட்டரில்தான். பலர் சத்தம் போடாமல் திரும்பினார்கள்.

2020-ல் வந்த "கூ"வுக்கு மத்திய மந்திரிகளே போனார்கள். 2024 ஜூலையில் கடையை மூடிவிட்டார்கள்.

2025 செப்டம்பரில் நம்ம ஊர் "அரட்டை"க்கு யோகம் அடித்தது. தினமும் 3 ஆயிரம் பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் அது தினமும் 3½ லட்சம் பேராக எகிறியது என்றார், ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு.

"எல்லாரும் வரட்டும், நானும் வர்றேன்" என்று எல்லாருமே காத்திருந்தால் யார் முதலில் போவது? மேலிடத்து உத்தரவு வந்தால்தான் உண்டு. 2025 அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம் அதைத்தான் செய்தது. ஆபீஸ் கடிதம், கணக்கு வேலைகளை ஜோஹோவில் செய்யும்படி அதிகாரிகளுக்கு சுற்றறிக்கை போட்டது.