உதரவிதானக் குடலிறக்கம்: பச்சிளம் சிசுவுக்குத் தீவிர சிகிச்சை எதுவரை?

ஐந்தாம் மாத ஸ்கேனில் சிசுவின் இதயத்தை ஒட்டி இரைப்பை தெரிந்தால், மருத்துவர் முதலில் சந்தேகிப்பது உதரவிதானக் குடலிறக்கத்தை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை முழுதாக மூடாமல் போவதால் குடலும், சில சமயம் கல்லீரலும் மேலேறி, நுரையீரல் வளர இடமில்லாமல் நெருக்கிவிடுகின்றன. ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை உண்டு.

‘பிறந்ததும் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா?’ என்றே பெற்றோர் கேட்பார்கள். ஓட்டையைத் தைத்துவிடலாம், வளராத நுரையீரலை அன்றே வளர்க்க முடியாது. அதனால்தான் மூச்சும் ரத்த ஓட்டமும் நிலைப்பட்ட பிறகே இன்று அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

பிறப்பதற்கு முன்

நுரையீரல் அந்தக் கர்ப்ப வாரத்தில் இருக்க வேண்டிய அளவில் 25 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பாதிப்பு கடுமையானது. கல்லீரல் மேலேறியிருக்கிறதா, இதயக் குறையோ குரோமோசோம் கோளாறோ உண்டா என்றும் பார்க்க வேண்டும். கடுமையான இடப்பக்கக் குறை பற்றி 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், வழக்கமான பராமரிப்பில் பிழைத்த சிசுக்கள் 15 சதவீதம். கருவிலேயே மூச்சுக்குழாயில் சிறு பலூன் வைக்கப்பட்டவர்களில் 40 சதவீதம். ஆனால் குறைப்பிரசவம் கூடியது. ஸ்கேன் எண்ணை மட்டும் வைத்துக் கைவிரிக்கக் கூடாது.

பிறந்த பின்

முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினால் குடல் உப்பி நுரையீரலை மேலும் நெருக்கும். எனவே நேரடியாக மூச்சுக்குழாயில் ஒரு குழாய், இரைப்பைக் காற்றை வெளியேற்ற இன்னொன்று. வலக்கையிலும் பாதத்திலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். கையைவிடப் பாதத்தில் வெகுவாகக் குறைந்தால், ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் விலகி ஓடுகிறது என்று பொருள்.

வென்டிலேட்டரும் மருந்துகளும் கொடுத்து, குழந்தை தேறுகிறதா என்று சில நாட்கள் பார்ப்பதே நியாயமான முதல் வழி. முழு உதவியிலும் ஆக்சிஜன் ஏறாமல், உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தால், கருவிகள் வேதனையை மட்டுமே நீட்டிக்கும். அப்போது வலி நீக்கி, தாயின் மடியில் வைத்திருப்பதும் மருத்துவமே. அந்த முடிவை மருத்துவக் குழுவும் பெற்றோரும் சேர்ந்தே எடுக்க வேண்டும்.

திருத்தணிக் குடும்பங்களுக்கு

திருத்தணியிலிருந்து சென்னை சுமார் 85 கி.மீ. பிறந்த சிசுவை மூச்சுத்திணறலோடு அவ்வளவு தூரம் கொண்டுபோவது ஆபத்து. ஸ்கேனில் தெரிந்ததுமே சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலோ ஆலோசனை பெற்று, பிரசவத்தையே பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சையும் குழந்தைகள் அறுவை சிகிச்சையும் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதுவரை போராடுவது என்ற பேச்சையும் மருத்துவரோடு அப்போதே தொடங்கிவிடுங்கள். பிரசவ அறைப் பதற்றத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.