உழைச்செல்வான் அறிய வேண்டிய குறி

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் வைத்தது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து பணி செய்பவன் என்பது அதன் பொருள். மருத்துவர் தொலைவில் இருக்கும்போது உயிர் இந்த நான்காமவர் கையில் உள்ளது. தண்டுவடம் முறிந்தவர்க்கு இஃது எவ்வளவு உண்மை என்பதை மலக்குடற் பேணுகை காட்டும்.

கோலசிலாங்கூர் முதல் சுங்கை பஞ்சாங் வரை செம்பனையும் தென்னையும் மிக்க நிலம். அங்கே ஒருவர் மரத்திலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ தண்டுவடம் முறிந்து வீடு திரும்பினால், அவர்க்கு உழைச்செல்வான் ஆவது மனைவியோ தாயோ மகனோதான். மலம் தானே கழியாதாகையால், குறித்த நேரத்தில் அதனைக் கழிக்கச் செய்வது அன்றாடக் கடமையாகும். கூச்சத்தாலோ சோர்வாலோ அது தவறினால் வருவது வெறும் மலச்சிக்கல் அன்று.

முறிவு மார்பு முள்ளெலும்பு ஆறிலோ அதற்கு மேலோ இருப்பின், நிறைந்த மலக்குடல் எழுப்பும் கிளர்ச்சி முறிவுக்குக் கீழுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இரத்த அழுத்தம் திடீரென ஏறும். மூளை அதனை உணர்ந்து தணிக்க முயலும். ஆயினும் அதன் ஆணை முறிவைக் கடந்து கீழே செல்லாது. ஆதலின் முகம் சிவக்கும், மேலுடல் வியர்க்கும், கீழுடல் வெளிறிக் குளிரும், தலை இடிப்பதுபோல் வலிக்கும். கவனியாது விடின் மூளையில் இரத்தம் கசிந்து உயிரும் போகலாம். நிறைந்த சிறுநீர்ப்பையும் இவ்விளைவைத் தரும் என்பதைக் குட்மனும் விட்டரிட்ஜும் 1947இல் ஆராய்ந்து எழுதினர்.

இங்குத்தான் அன்பே பிழைசெய்யக் கூடும். தலைவலி என்று எண்ணி மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது இயல்பு. ஆனால் படுத்தால் அழுத்தம் மேலும் ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிட வேண்டும். இறுகிய ஆடையைத் தளர்த்த வேண்டும். முதலில் சிறுநீர்க் குழாய் மடங்கியுள்ளதா, பை நிறைந்துள்ளதா என நோக்க வேண்டும். அதன்பின் மலக்குடல். பயிற்சி பெற்றவர் மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவி மெல்ல அகற்றுவர். அப்போது வலி கூடினால் நிறுத்திவிடுவர். குறிகள் தணியாவிடின் 999 அழைப்பதே முறை.

இன்னொன்றும் உண்டு. இத்தகையோரின் வழக்கமான அழுத்தம் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். 100 உடையவர்க்கு 130 என்பதும் அபாயமே. பிறர்க்கோ அது கவலைக்குரியதாகத் தோன்றாது. மருத்துவமனையிலும் இந்நோயாளரின் மலக்குடற் பேணுகை தவறக்கூடும் என இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவை 2018இல் எச்சரிக்கை விடுத்தது. ஆதலின் முறிவின் இடம், வழக்கமான அழுத்தம், மலம் கழிக்கும் முறை மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் படுக்கையருகில் வைத்தல் வேண்டும். மருத்துவமனைக்கும் அதனை உடன் கொண்டுசெல்லல் வேண்டும்.

அந்தத் தாளை எழுதுபவரும், தலைவலியைக் கேட்டவுடன் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பவருமே வள்ளுவர் எண்ணிய நான்காம் உறுப்பினர்.