ஆறு பாரத்துக்குள் அடங்காத குற்றம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில்தான் முதன்முதலாக ராஜேஷ்குமாரை வாசித்தேன். தறி ஓட்டும் சித்தப்பா வாடகை நூல்நிலையத்தில் எடுத்த புத்தகம். கடைசித் தாள் கிழிந்திருந்தது. "கொலகாரன் யாரு சித்தப்பா?" "எறங்குறதுக்குள்ள நீயே கண்டுபுடி." பிறகு தமிழ் எம்.ஏ. படித்தேன், இவற்றைக் 'குப்பை' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்தச் சொல் எதையும் விளக்கவில்லை என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

மாத நாவல் என்பது முதலில் ஒரு உற்பத்தி முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரின் துப்பறியும் நாவல்கள் பாகம் பாகமாக நீண்டன. 1980களில் பெருகிய மாத நாவலுக்கு அந்த வசதி இல்லை. அச்சகத்தில் ஒரு பாரம் 16 பக்கம். ஆறு பாரம் என்றால் 96 பக்கம். கதை அதற்குள் முடிந்தாக வேண்டும். குறித்த தேதியில் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கியாக வேண்டும்.

கோவையிலிருந்து 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரின் உத்திகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சம்பந்தமில்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் ஓடிக் கடைசியில் ஒரே முடிச்சில் சேரும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு அதிர்ச்சியில் அறுபடும். விவேக்-ரூபலா நிரந்தரமாக இருப்பதால் அறிமுகத்துக்குப் பக்கம் செலவாகாது. பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி. இங்கே கலை வேறு, வியாபாரம் வேறு அல்ல. எழுத்தைத் தவம் என்று சொல்லிவிட்டுக் கூலி பற்றிப் பேசக் கூசுகிற நாம் இந்த நேர்மையை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் பாரக் கணக்கு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: யார் குற்றவாளி என்பதை. கடைசிப் பாரத்தில் பிடிபட ஒரு ஆள் வேண்டும். அவனுக்குச் சொத்தோ, கள்ள உறவோ, பழிவாங்கலோ ஒரு காரணம் வேண்டும். கண்டுபிடிக்கிற போலீஸ் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும்.

நம் கரிசல் காட்டின் கதை இதற்கு நேர் எதிர். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அப்பநாட்டுக் கொண்டையங்கோட்டை மறவர், பிறமலைக் கள்ளர் முதலியோர் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆனார்கள்; ரேகை உருட்டினார்கள், ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்தார்கள். 1947இல்தான் இந்த மாகாணத்தில் சட்டம் ரத்தானது. துப்பறியும் கதையில் குற்றம் முதலில், குற்றவாளி கடைசியில். இங்கே குற்றவாளி முதல் பக்கத்திலேயே பதிவேட்டில் இருக்கிறான். குற்றம் பிறகு தேடப்படுகிறது. பெருநாழிக்காரரான வேல ராமமூர்த்தியின் 'குற்றப் பரம்பரை' துப்பறியும் அச்சுக்கு வெளியே எழுதப்பட்டது தற்செயல் அல்ல.

அந்தப் பதிவேட்டை வைத்து நானும் ஒரு மாத நாவல் எழுதிப் பார்த்தேன். வாசித்த பதிப்பாளர் கேட்டார்: "நல்லாருக்கு தம்பி. குற்றவாளி யாரு?"

"சட்டம்தான் சார்."

"அதுக்கு எப்படி வெலங்கு மாட்டுவீங்க? ஆறு பாரத்துல ஒரு ஆளப் புடிச்சுக் குடுங்க."

அவர் அறியாதவர் அல்ல. தன் வடிவத்தின் எல்லையைத் துல்லியமாகத் தெரிந்தவர். கைப்பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வெகுசன எழுத்தைத் திட்டுவது சுலபம், நண்பர்களே. சித்தப்பா ஒரே பஸ் பயணத்தில் வாசித்துவிடுகிற வேகத்தோடு, எந்த ஒரு ஆளும் பிடிபடாத குற்றத்தை எழுதுவது எப்படி? அதற்கு நம்மில் யாரும் இன்னும் உட்காரவில்லை.